1.1-உம் 2.2-உம் சேர்ந்தால் ஏன் 3.3 ஆகவில்லை? ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள். சோதனைக்காக, கொடுத்த வெள்ளி 3.3 கிலோ என்று போட்டிருக்கிறீர்கள். திரும்பி வந்தது கொலுசாக 2.2, மிச்சக் கட்டியும் பொடியுமாக 1.1. மூன்றாம் வகுப்புப் பிள்ளையே சரி என்று சொல்லிவிடும். திரையில் மட்டும் 'கணக்கு இடிக்கிறது' என்று சிவப்பில் வருகிறது. நண்பர் ஒருவர், "இரண்டும் சமமா என்று பார்க்கும் இரட்டைச் சமக்குறியை எடுத்துவிடு, எப்சிலான் என்று 0.0001 வைத்து, வித்தியாசம் அதற்குள் இருந்தால் சமம் என்று ஒப்பிடு" என்றிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது ஒன்று. அதற்குத் திட்டவட்டமான பதில் உண்டு. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் 'சமம்' என்று விட்டுவிடலாம் என்பது மற்றது. அதில் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் பட்டறை முதலாளியிடம் இருக்கிறது.

நான் பதினெட்டு வருடமாகச் சேலத்தில் தராசோடு பேசும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கடை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் என்று எடை போடுகிற இடமெல்லாம் போயிருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் காரணம். நம் பழைய பின்ன வாய்பாட்டில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒரு வரிசை உண்டு. ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. இன்னொரு வரிசையில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. கம்ப்யூட்டர் முதல் வரிசையை மட்டும் படித்த மாணவன். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போக அதற்குத் தெரியும். அதனால் 0.5, 0.25, 0.125, 0.0625 எல்லாம் அதன் நினைவகத்தில் அப்படியே உட்காரும். இருமா, அதாவது 0.1, உட்காராது. பத்துக்குள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. எத்தனை தடவை பாதியாக்கினாலும் ஐந்தால் வகுத்தது வராது. நாம் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுதி எங்கேயோ ஓர் இடத்தில் பேனாவை எடுக்கிறோமே, அதே சங்கடம்தான்.

எங்கே பேனாவை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பொது விதி உண்டு. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம் அது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு வில்லியம் கஹானுடையது. 1989-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. தசமப் புள்ளி வரும் எண்ணை வைக்க நீங்கள் 'டபுள்' என்று அறிவிக்கும் வகைக்கு 64 பிட்: கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒன்று, இரண்டின் அடுக்குக்குப் பதினொன்று, மீதி 52 பின்னத்துக்கு. அந்த இடத்துக்குள் 0.1-ஐ அடைத்தால் உள்ளே இருப்பது 0.1000000000000000055511151231257827... என்று போகும் ஓர் எண். இது உறுதி, எந்த மொழியில் எழுதினாலும், டபுள் என்றால் இதே எண்தான். ஆகவே 'கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டுகிறது' என்று சொல்வது அநியாயம். ஒவ்வொரு கூட்டலுக்கும், உண்மையான விடைக்கு மிக அருகில் எந்த டபுள் இருக்கிறதோ அதைத்தான் தருகிறது. 1.1-ஐயும் 2.2-ஐயும் கூட்டினால் 3.3000000000000003. நீங்கள் தட்டிய 3.3-க்கு அடுத்த படியில் இருக்கும் எண் அது, ஒரே ஒரு படி தள்ளி. மூன்று தசம இடத்தோடு திரையில் காட்டச் சொன்னால் இரண்டும் 3.300 என்றே தெரியும். அதனால்தான் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் சமக்குறி மட்டும் சண்டை போடுகிறது.

இதில் நான் மாட்டிய கதை ஒன்று. ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஒரு கிலோ பாக்கெட் நிரப்பும் இயந்திரத்துக்கு நிரல் எழுதினேன். உள்ளே ஒரு திருகு. ஒரு சுற்று சுற்றினால் 100 கிராம் தள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தத்தோடு 0.1 கூட்டு, மொத்தம் 1.0-க்குச் சமமானால் நிறுத்து. எளிமையான நிரல்தான். முதல் பாக்கெட்டே நிற்கவில்லை. ஜவ்வரிசி பாக்கெட்டிலிருந்து வழிந்து, மேடையிலிருந்து வழிந்து, தரையில் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அங்கிருந்த அம்மா ஒருவர், "தம்பி, ஒயரைப் புடுங்குங்க தம்பி" என்று கத்திய பிறகுதான் எனக்குக் கை வந்தது. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாக அச்சிட்டுப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் 0.30000000000000004. நாலாவதில் தானாகவே நேராகி 0.4. ஐந்தும் ஆறும் ஏழும் ஒழுங்கு. எட்டில் 0.7999999999999999. பத்தில் 0.9999999999999999. பதினொன்றில் 1.0999999999999999. 1.0 என்ற ஊரையே தொடாமல் வண்டி போய்விட்டது.

இங்கே எல்லோரும் சொல்லும் மருந்து, 'சமம்' என்பதை எடுத்துவிட்டு 'சமம் அல்லது அதிகம்' என்று போடு என்பது. போட்டுப் பார்த்தேன். பத்தாவது சுற்றில் 0.9999999999999999, ஒன்றுக்குக் குறைவுதான்; எனவே பதினொன்றாவது சுற்றும் சுற்றிவிட்டு நின்றது. தரையில் கொட்டவில்லை, ஆனால் பாக்கெட்டுக்கு 100 கிராம் இலவசம். முந்தைய தவறாவது சத்தம் போட்டது. இது மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும்போதுதான் தெரிந்திருக்கும். கடைசியில் செய்தது ரொம்பச் சாதாரணம்: எடையைக் கூட்டுவதை விட்டுவிட்டு, திருகு எத்தனை சுற்று சுற்றியது என்று முழு எண்ணாக எண்ணினேன். பத்து ஆனதும் நிறுத்து. அப்புறம் அந்த இயந்திரம் என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

சரி, உங்கள் நண்பரின் 0.0001-க்கு வருவோம். அதைப் போட்டால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் 0.0001 என்றால் எத்தனை வெள்ளி? உங்கள் எடை கிலோவில் இருந்தால் 100 மில்லிகிராம். நாளைக்கு முதலாளி, "எல்லாத்தையும் கிராமில் காட்டு" என்று சொல்லி நீங்கள் அலகை மாற்றினால், அதே 0.0001 ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்றாகிவிடும். நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல் 'சமம்' என்ற சொல்லின் பொருள் ஆயிரம் மடங்கு மாறிவிடுகிறது. அலகு இல்லாமல் எழுதிய வரம்பு, ஊர் பெயர் இல்லாத கைகாட்டி மாதிரி.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மொழியே தரும் எப்சிலான் மாறிலியை எடுத்துப் போடுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் இருப்பது 1-க்கும் அதற்கு அடுத்த டபுளுக்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 0.00000000000000022. பாடப்புத்தக உதாரணமான 0.1 கூட்டல் 0.2-ஐ அதை வைத்துச் சோதித்தால் 0.3-க்குச் சமம் என்று வரும். ஆஹா என்று நம்பிவிடுவோம். உங்கள் 3.3-ஐச் சோதியுங்கள், சமமில்லை என்றே வரும். ஏனென்றால் எண் பெரிதாகப் பெரிதாகப் படிகளின் இடைவெளியும் பெரிதாகிறது; 3.3 பக்கத்தில் ஒரு படியே 0.00000000000000044. ஒரு படி தள்ளி நிற்பவரைக்கூட அந்த வரம்பு ஏற்காது. சி ஷார்ப்பில் இதே பெயரில் இருப்பது முற்றிலும் வேறு சாமான். டபுளால் எழுத முடிந்த மிகச் சிறிய நேர்ம எண் அது, புள்ளிக்குப் பின் 323 பூஜ்யம் தாண்டித்தான் முதல் இலக்கமே வரும். அதை வரம்பாக வைப்பதும் வெறும் சமக்குறி போடுவதும் ஒன்றுதான்.

எண்ணின் அளவுக்குத் தகுந்தபடி வரம்பை நீட்டிச் சுருக்குவது அடுத்த வழி. பைத்தானில் 3.5 பதிப்பிலிருந்து இஸ்குளோஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டில் பெரிய எண்ணின் நூறு கோடியில் ஒரு பங்கு வரை வித்தியாசத்தை மன்னிக்கும். உங்கள் 3.3 அதில் தேறிவிடும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு, அதில் கணக்கு மென்பொருள்காரர்கள்தான் விழுவார்கள். நாம் கொடுத்ததையும் வந்ததையும் நேராக ஒப்பிடுவது குறைவு. கழித்துவிட்டு 'நிலுவை பூஜ்யமா' என்றுதான் கேட்போம். நிலுவை 0.00000000000000044, எதிரே பூஜ்யம். அந்தத் துளியின் நூறு கோடியில் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? மன்னிப்பு கிடைக்காது, மறுபடி சிவப்பு. பூஜ்யத்தோடு ஒப்பிடும் இடத்தில் விகித வரம்பு வேலைக்கு ஆகாது; நேரடியான ஒரு வரம்பையும் கூடவே கொடுக்க வேண்டும். அந்தச் செயற்கூறில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் அது பூஜ்யம்.

இதெல்லாம் சொன்னாலும், உங்கள் பட்டறைக்கு இதில் எதுவுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெள்ளியை மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள். 3.3 கிலோ என்றால் 3300000. பதினொரு லட்சமும் இருபத்திரண்டு லட்சமும் சேர்ந்தால் முப்பத்து மூன்று லட்சம், எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த நாளிலும். அங்கே சமக்குறி தாராளமாகப் போடலாம். டபுள் முழு எண்களை 9007199254740992 வரை ஒன்றுகூட விடாமல் தாங்கும், ஆகவே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் பயமில்லை. மில்லிகிராமில் அது 90 லட்சம் டன். 'ஃப்ளோட்' என்ற 32 பிட் வகையை மட்டும் தொடாதீர்கள். அது 16777216-க்கு மேல் ஒற்றை ஒற்றையாக எண்ண மறந்துவிடும். மில்லிகிராமில் வெறும் 16 கிலோ 777 கிராம். செவ்வாய்பேட்டையில் ஒரு நடுத்தரக் கடையின் இருப்பே அதைத் தாண்டும்.

தராசிலிருந்து வரும் எண்ணை முழு எண்ணாக்கும் இடத்தில் கவனம். தராசு 1.005 கிலோ என்று அனுப்புகிறது. கிராமாக்க ஆயிரத்தால் பெருக்கி, தசமத்தை வெட்டினால் 1004 வரும். 1005 அல்ல. பெருக்கிய விடை 1004.9999999999999, வெட்டுக்கத்தி ஒரு கிராம் வெள்ளியைத் தின்றுவிட்டது. வெட்டாதீர்கள், அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோங்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982-இல் தன் குறியீட்டை 1000-இல் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று தசமத்துக்கு மேலிருந்ததைச் சுற்றாமல் வெட்டியே வந்தது. 1983 நவம்பரில் குறியீடு 524-இல் நின்றது. கணக்கைத் திருத்திப் போட்டபோது 1098. பாதிச் சந்தையை வெட்டுக்கத்தியே தின்றிருந்தது.

டச், அதாவது நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு வரும்போது எப்படி என்று கேட்பீர்கள். 1247.350 கிராம் கொலுசு, 80.5 டச் என்று வைத்துக்கொள்வோம். டச்சையும் பத்தால் பெருக்கி 805 என்று வையுங்கள். 1247350-ஐ 805-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுத்த வெள்ளி 1004116.75 மில்லிகிராம். இங்கே ஒரே ஒருமுறை சுற்றி 1004117 என்று எழுதுங்கள். நடுவில் எங்கேயும் சுற்றாதீர்கள். முக்கால் மில்லிகிராமை எந்தப் பக்கம் சுற்றுவது என்பது கணிதம் அல்ல, வழக்கம். கடைக்கும் பட்டறைக்கும் ஒரே வழக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று பங்காளிக்கு ஒரு கிலோவைப் பிரித்தால் 333333, 333333, 333334 என்று மிச்சத்தை ஒருவர் தலையில் வைத்துத்தான் ஆக வேண்டும்; தசம வகைகள் வந்தாலும் மூன்றில் ஒன்று அடங்கப்போவதில்லை. முழு எண் பிடிக்காவிட்டால், பத்தின் கணக்கிலேயே எண்ணை வைக்கும் தசம வகைகளான ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல், தரவுத்தளத்தில் டெசிமல் நெடுவரிசை என்று போங்கள், தவறில்லை. பிக்டெசிமலை மட்டும் மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுத்து உருவாக்குங்கள், டபுளாகக் கொடுத்தால் அழுக்கும் சேர்ந்து வரும். அதில் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் என்ற செயற்கூறு 2.0-ஐயும் 2.00-ஐயும் வேறு வேறு என்று சொல்லும். கம்பேர்டூதான் ஒன்று என்று சொல்லும்.

இதுவரை எண்ணிய எண்கள். அளந்த எண்கள் வேறு ஜாதி. ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் காப்பிக்கொட்டை உலர்த்தும் டிரம்முக்கு நிரல் எழுதினேன். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு இறங்கினால் அடுப்பை நிறுத்து. மானி காட்டும் அளவே அரைச் சதவீதம் முன்னே பின்னே ஆடும். அதே கொட்டையைக் கையில் அள்ளி இரண்டாம் முறை போட்டால் வேறு எண் வரும். அதன் பதினாறாவது தசமத்தைப் பற்றிக் கவலைப்படுவது, மூடுபனியில் நின்றுகொண்டு மயிரிழையை அளப்பது போல. அங்கே வந்த தொல்லை வேறு. 10.9, 11.1, 10.9 என்று மானி தள்ளாட, அடுப்பு எரிவதும் அணைவதுமாக ராத்திரி முழுக்க டக் டக் என்று சத்தம். இரண்டு வரம்பு வைத்தபின்தான் அடங்கியது: 10.5-க்குக் கீழே போனால் அணை, 11.5-க்கு மேலே போனால் ஏற்று, நடுவில் இருந்தால் இருந்தபடி இரு. அந்த ஒரு சதவீத இடைவெளியை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. மானி எவ்வளவு ஆடும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து எடுத்தது.

உங்கள் பட்டறையிலும் இந்த இரண்டாம் வகை ஒன்று இருக்கிறது: சேதாரம். உருக்கும்போதும், பற்றவைக்கும்போதும், மெருகு போடும்போதும் கொஞ்சம் போகும். 'இவ்வளவு வரை போகலாம்' என்று பட்டறைக்கும் கடைக்கும் பேச்சு இருக்கும். அந்தப் பேச்சுதான் உங்கள் உண்மையான வரம்பு, அதைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கோ எனக்கோ உங்கள் நண்பருக்கோ இல்லை. முதலாளியைக் கேட்டு, மில்லிகிராமில் எழுதி, நிரலில் அலகோடு பெயர் வையுங்கள். இன்னொன்று, வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக வித்தியாசத்தை அழித்துவிடாதீர்கள். ஒரு நடைக்கு 100 மில்லிகிராம் என்றால் ஒன்றுமில்லைதான். நாளுக்கு நாற்பது நடை, எல்லாம் ஒரே பக்கம் குறைந்தால் நாலு கிராம். விளக்கு பச்சையாகவே எரியும், வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். பச்சை காட்டுங்கள், ஆனால் வித்தியாசத்தைத் தனிப் பேரேட்டில் பற்று எழுதி வாரக் கடைசியில் கூட்டிக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் முதலாளி தினமும் திறந்து பார்ப்பார்.

தராசோடு இணைக்கப் போகிறீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஒயர் தளர்ந்து தராசு குப்பையை அனுப்பினால், அதை எண்ணாக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் போன்ற சில மொழிகளில் 'எண் அல்ல' என்ற ஒரு மதிப்பு கிடைக்கும். ஆங்கிலச் சுருக்கத்தை எழுத்துக்கூட்டினால் 'நான்' என்று வந்து குழப்பும், 'நேன்' என்றே எழுதுகிறேன். நேன் தனக்குத் தானே சமமில்லை. எதோடு ஒப்பிட்டாலும், பெரியதா என்றாலும் இல்லை, சிறியதா என்றாலும் இல்லை. 'வித்தியாசம் வரம்பைவிட அதிகமானால் எச்சரி' என்று எழுதியிருந்தால், நேன் வரும்போது எச்சரிக்கை வராது. பழுதான தராசுக்குப் பச்சை விளக்கு. அதையே திருப்பி, 'வித்தியாசம் வரம்புக்குள் இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் விடு, இல்லையேல் எச்சரி' என்று எழுதினால் நேனும் மாட்டிக்கொள்ளும்.

'ஏறத்தாழச் சமம்' என்பதை வரிசைப்படுத்தவோ குழுவாக்கவோ பயன்படுத்தாதீர்கள். முதலாவது இரண்டாவதுக்குச் சமம், இரண்டாவது மூன்றாவதுக்குச் சமம், ஆனால் முதலாவதும் மூன்றாவதும் சமமில்லை என்று வரும். அந்த ஒப்பீட்டைக் கொடுத்தால் ஜாவாவின் வரிசைப்படுத்தி சில சமயம் விதியை மீறிவிட்டாய் என்று பிழை சொல்லி நின்றேவிடும். டச் வாரியாகப் பட்டியல் போட முழு எண் 805-ஐ வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பொறியியல் உருவகப்படுத்தல், பெரிய அணிக் கணக்கு போன்றவற்றில் இதெல்லாம் வேறு மாதிரி; அங்கே பிழை எப்படிப் பெருகுகிறது என்று ஆராய்வதே தனித் துறை, என் அனுபவம் அங்கே செல்லாது. நான் சொன்னது தராசுக்கும் பேரேட்டுக்கும் நடுவில் உள்ள வேலைக்கு மட்டும். நீங்கள் இன்று மாற்ற வேண்டியது இரண்டே இடம். தராசு எண் உள்ளே வரும் வரியில் மில்லிகிராமாக்கிச் சுற்றுங்கள். தரவுத்தளத்தில் எடை நெடுவரிசையை முழு எண்ணாக மாற்றுங்கள். பழைய பதிவுகளை மாற்றும்போது ஒவ்வொன்றும் சுற்றிய பின் எவ்வளவு நகர்ந்தது என்று அச்சிட்டுப் பாருங்கள். அரை மில்லிகிராமுக்குப் பக்கத்தில் ஏதாவது வந்தால் அது தராசிலிருந்து நேராக வந்த எடையாக இருக்க வாய்ப்பில்லை. யாரோ எங்கேயோ பெருக்கியோ வகுத்தோ போட்டது. அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போங்கள்.